களப்பைக் கடந்த குட்டி பெக்கோ

2023 பெப்ரவரி 11, சனிக்கிழமை காலை, இத்தாலியில் இருக்கும் என் அண்ணன் கைபேசிக்கு அனுப்பிய செய்தி இது: “தம்பி, முழங்கால் இனி மடங்காதாம். டொக்டர் சொல்லிப்போட்டார். மார்ச் திருவிழாவுக்கு நானும் அண்ணியும் வாறம். வீட்டில கொமட் இல்லாட்டி ஹோட்டல் போடச் சொல்லி அண்ணி நிக்கிறா. யோசி.” எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன். கடைசிச் சொல்லுக்குப் பின்னால் கைகூப்பும் படமொன்றும் இருந்தது. அது வேண்டுகோளா, விடைபெறுதலா என்று என் மனைவியும் நானும் பகல் முழுவதும் விவாதித்தோம்.

எத்தாளையில் நாங்கள் குடியிருக்கும் வீடு அண்ணனின் காசில் எழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில் கொஞ்சக்காலம் கிடந்து, கடைசியில் புத்தளப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அண்ணன் அதற்கு முன்பே இத்தாலிக்குப் போய்விட்டார். அங்கே உணவகச் சமையலறையொன்றில் நின்ற நிலையில் உழைத்து, இங்கே எங்களுக்கு உட்கார ஓர் இடம் செய்து தந்தார். போர் முடிந்த பிறகு இரண்டு முறை வந்து எங்களோடு தங்கினார். அப்போது அவருடைய முழங்கால்கள் மடங்கின. வளவின் மூலையில் இருந்த பழைய கழிவறை, இரண்டு படி ஏறிக் குந்தியிருக்கும் வகை.

இப்போது அவர் கற்பிட்டியில் வெள்ளைக்காரர் பட்டம் விட வந்து தங்கும் ஹோட்டல் ஒன்றில் இறங்கினால், பகலில் வந்து, தன் வீட்டு விறாந்தையிலே விருந்தாளியாக இருந்து, தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். அதை நினைத்தாலே என் மனைவிக்கு முகம் கறுத்தது. எனக்கும்தான்.

ஆகவே வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்டினோம். கொமட் வாங்கினோம். புத்தளத்திலிருந்து அது பஸ்ஸின் பின்சீற்றில் வந்தது. கொண்டக்டர் அதற்கும் ரிக்கெற் கிழித்தார். அறையில் அதை வைத்ததும் அயலார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் கொமட்டிலிருந்து போவது எங்கே போவது என்பது தீரவில்லை. பழைய குழி தூரத்தில் இருந்தது, நிரம்பியும் இருந்தது. புதிய அறைக்குப் பின்னால் புதுக் குழி வெட்ட வேண்டும்.

இரண்டு பேரைப் பிடித்து மண்வெட்டியால் வெட்டுவித்தோம். எத்தாளை மண் வெங்காயத்துக்கு நல்லது, குழிக்கு ஆகாது. காலையில் வெட்டியதை மாலையில் மணல் திரும்ப எடுத்துக்கொண்டது. கொங்கிறீற்று வளையங்களை இறக்குவதற்கு முன் சுவர் சரிந்துவிடும். மூன்றாம் நாள் அந்த இருவரும் வேறு வேலை கிடைத்ததாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அண்ணன் வீடியோவில் குழியைப் பார்த்தார்.

“தம்பி, இதுக்கெல்லாம் இஞ்ச ஒரு குட்டி மெசின் இருக்கு. கட்டில் அளவுதான். ஒரு போன் அடிச்சா லொறியில கொண்டு வந்து இறக்கிப்போட்டுப் போவாங்கள்.”

“அண்ணை, இஞ்சயும் லொறி இருக்கு. லொறிக்குள்ள டீசல் இல்லை.”

“டீசலையும் அவங்களே கொண்டு வருவாங்கள்.”

“ஆர்?”

“மெசின்காரர்.”

“அண்ணை, நீங்கள் இத்தாலியைச் சொல்லுறியள்.”

“நீ ஒருக்கா கேட்டுப் பாரன். கேக்காமலே இல்லையெண்டு சொல்லுறது உன்ர சின்ன வயசுப் பழக்கம்.”

கேட்டுப் பார்த்தேன். பெக்கோ என்று நாங்கள் சொல்லும் மண் தோண்டும் இயந்திரங்களில் பெரியவை பக்கத்திலேயே இருந்தன. ஆனால் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் இடையில் அவை நுழைய வேண்டுமானால் முதலில் வீட்டை இடிக்க வேண்டும். குட்டி பெக்கோ ஒன்று களப்பு என்கிற உப்பேரிக்கு அந்தப் பக்கம், கரைத்தீவில் இருப்பதாகத் தெரிய வந்தது. அதன் சொந்தக்காரர் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற வேண்டி வந்த முஸ்லிம் குடும்பத்தவர். வயது ஐம்பதுக்கு மேல். நான் சங்கக் கடையில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அவரோ மூக்குக்கண்ணாடி போட்ட எவரையும் மாஸ்டர் என்றுதான் அழைப்பார். நான் வாத்தியார் இல்லை என்று திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

“மெசின் இருக்கு மாஸ்டர். டீசல் உங்கட பொறுப்பு. கொண்டு போறதும் உங்கட பொறுப்பு. நான் வந்து ஏறியிருந்து வெட்டித் தருவன்.”

“அப்ப உங்கட பொறுப்பு என்ன?”

“நம்பி அனுப்புறன்தானே. அது குமர் மாதிரி மாஸ்டர். இன்னும் கரைத்தீவை விட்டு வெளிய போகல்ல. உங்கட ஊர்ல எப்படி வெச்சுப் பாப்பீங்களோ என்டு எனக்குக் கவலை.”

அந்தக் குமர், அதாவது கலியாணமாகாத பெண், தன் இளமையை உப்பளத்து வாய்க்கால்களில் கழித்திருந்தது. அங்கே உப்புக்காற்று அதன் இலக்கத் தகட்டைத் தின்றுவிட்டது. அதனால்தான் டீசல் எங்கள் பொறுப்பாயிற்று. எரிபொருள் வரிசைகள் அந்த வருடம் ஓய்ந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு வாகனத்துக்கும் கிழமைக்கு இவ்வளவுதான் என்ற அளவு இருந்தது. கியூஆர் அட்டையைக் காட்டித்தான் அடிக்க வேண்டும். அட்டைக்கு இலக்கம் வேண்டும். இலக்கம் இல்லாத இயந்திரத்துக்கு அட்டை இல்லை. சொந்தக்காரர் கந்தோர் அதிகாரிகளிடம் போய், தகட்டைத் தடவிப் பார்த்தால் இலக்கம் தெரியும் என்று வாதாடியிருக்கிறார். தடவிப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

லொறிக்காரர் ஒருவரைப் பிடித்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். கரைத்தீவிலிருந்து புத்தளம், அங்கிருந்து பாலாவி, பிறகு இந்தக் குடாநாட்டின் நீளத்துக்கு எத்தாளை. வெட்டி முடிந்ததும் அதே வழியால் திரும்ப. “ஐயா, என்ர கிழமை டீசல் முழுக்க உங்கட கக்கூசுக்குப் போயிடும். மிச்ச நாளுக்கு நான் லொறியைத் தள்ளிக்கொண்டா திரியிறது?” என்றார். நியாயம்தான்.

இதைக் கரைத்தீவுக்காரரிடம் சொன்னேன். “மாஸ்டர், நீங்க களப்புக் கரையில நிண்டு நேரா பாத்தா என்ன தெரியும்?” என்று கேட்டார்.

“தண்ணி.”

“தண்ணிக்கு அங்கால?”

“உங்கட ஊர்.”

“அப்ப ஏன் புத்தளத்தைச் சுத்துறம்?”

அவருடைய மச்சானிடம் இரண்டு பெரிய வள்ளங்கள் இருந்தன. இரண்டையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, தென்னங்குற்றிகளைக் குறுக்கே கட்டி, மேலே பலகை பரப்பினால் அது ஒரு தட்டு. மாடுகளையும் ஒருமுறை கலியாண வீட்டுக் கதிரை மேசைகளையும் அப்படிக் கொண்டுபோனார்களாம். வள்ளத்து இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடும். மச்சானிடம் அது இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் இந்தப் பக்கத்துச் சரக்கெல்லாம் வாய்க்கால் வழியும் களப்பு வழியும்தான் போனது என்று வாசித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

“அவங்கள்ட்டயும் டீசல் இல்லப் போல,” என்றார்.

இனி டீசல். அந்தப் பொறுப்பை என் மனைவி எடுத்துக்கொண்டாள். எத்தாளையில் வெங்காயமும் மிளகாயும் செய்பவர்களிடம் நீர் இறைக்கும் இயந்திரங்களுக்கும் லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்துக்கும் கொஞ்சம் டீசல் இருக்கும். வீட்டுக்கு ஒரு போத்தல் என்று கேட்டுப் போனாள். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு சொல் சேர்த்துக் கொடுத்தார்கள். “இத்தாலிக்காரர் இருக்க எங்கட டீசலோ?” என்றார் ஒருவர். “முதல் நாள் எங்களையும் கூப்பிடுங்கோ, ரிபன் வெட்டுவம்,” என்றார் இன்னொருவர்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தலவில அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து விளக்குக்கு எண்ணெய் போவது வழக்கம். வீட்டுக்கு ஒரு போத்தல் தேங்காயெண்ணெய். அதைச் சேர்த்து வைக்கும் வீடு வருடத்துக்கு வருடம் மாறும். அந்த முறை எங்கள் வீடு. அதனால் ஒரே விறாந்தையில் இரண்டு வரிசை நின்றது. வாசலிலிருந்து பார்த்தால் வலக்கைப் பக்கம் டீசல், இடக்கைப் பக்கம் எண்ணெய். எல்லாம் ஒரே மாதிரிச் சோடாப் போத்தல்கள், எல்லாம் மஞ்சள். கடுதாசி ஒட்டுவோம் என்றேன்.

“விட்டா போத்தலுக்கும் திகதி போடுவியள். வலது டீசல். இதைக்கூட ஞாபகம் வைக்கேலாதோ?” என்றாள் மனைவி. அதோடு முடிந்தது.

மார்ச் மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை விடியற்புறம், காற்று எழும்புவதற்கு முன், வள்ளச் சோடி கரைத்தீவிலிருந்து புறப்பட்டது. நான் இந்தக் கரையில் நின்றேன். முதலில் ஒரு புள்ளி. பிறகு தண்ணீர்மேல் கை மடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு மஞ்சள் உருவம். கிட்ட வந்தபோதுதான் அதன் தலைக்கு ஒரு பூப்போட்ட படங்கு போர்த்தியிருப்பது தெரிந்தது. சொந்தக்காரர் அதன் ஆசனத்திலேயே இருந்தார், ஒரு கையால் படங்கைப் பிடித்தபடி.

“ஏன் மூடி வெச்சிருக்கிறியள்?”

“குமரை முக்காடு இல்லாம கூட்டி வரச் சொல்லுறீங்களா மாஸ்டர்?”

மச்சான் வள்ளத்தின் பின்பக்கத்திலிருந்து, “இவர் சீதனமும் கேப்பார், கவனமா இருங்க,” என்றார்.

கரையில் ரோந்து வந்த கடற்படைப் பையன்கள் இருவர் சைக்கிளை நிறுத்தினார்கள். “மே மொக்கத?” இது என்ன என்று கேட்டார்கள். சொந்தக்காரர் ஒழுங்கான சிங்களத்தில் விளக்கினார்: மாஸ்டரின் அண்ணன் இத்தாலியில், அவருக்கு முழங்கால் மடங்காது, அதனால் இது. இரண்டு பையன்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விளக்கம் முழுவதும் உண்மை என்பதால் அதை நம்புவது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒருவர் பெக்கோவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார், மற்றவர் கயிறு பிடித்தார்.

இறக்குவதற்குப் பலகை போட்டோம். சேற்றில் பலகை தாழ்ந்தது. அவர் பெக்கோவின் கையை நீட்டி, வாளியைக் கரையில் ஊன்றி, தன்னைத்தானே இழுத்து ஏற வைத்தார். ஏறியதும் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் கைதட்டும்வரை இறங்கவில்லை. பிறகு வெங்காயப் பாத்திகளுக்கு இடையால், மெதுவாக, வீடு வரை.

வெள்ளிக்கிழமை காலை வெட்டத் தொடங்கினார். நோன்பு கிட்டி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் கரைத்தீவில் வேறு வேலை முடிக்க வேண்டும் என்றார். அன்று ஜும்மாவுக்கும் போக வேண்டும். “தொழுகைக்கு முந்தி குழி, வளையம் எல்லாம் முடிஞ்சிடும்,” என்று வாக்குக் கொடுத்தார். இருவர் இரண்டு நாள் வெட்டியதை அவர் தேநீர் ஆறுவதற்குள் வெட்டினார். அண்ணன் வீடியோவில் இருந்தார். அங்கே இன்னும் விடியவில்லை. போர்வையைப் போர்த்துக்கொண்டு பார்த்தார்.

“சொன்னனான்தானே கட்டில் அளவு எண்டு.”

“ஓம் அண்ணை.”

“இன்னும் கொஞ்சம் ஆழம் போகச் சொல்லு.”

“அவருக்குத் தெரியும் அண்ணை.”

“சொல்லன்.”

சொன்னேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துக் களைத்து, வளையம் கொண்டுவரும் லாண்ட்மாஸ்டர் ஏன் தாமதம் என்று பார்க்க நான் ஒழுங்கை முனைக்குப் போனேன். அது சந்தியில் நின்றது. திருவிழாவுக்கு நடந்து போகும் ஒரு கூட்டத்துக்கு வழிவிட்டுக்கொண்டு நின்றது. இனி நடந்தது மனைவி சொன்னது.

குழி வேண்டிய ஆழத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. ஒரு பக்கச் சுவர் வாய் பிளந்து மணல் உதிர ஆரம்பித்தது. அந்த நேரத்தில் பெக்கோவின் சத்தம் மாறியது. டீசல் அடியில். அதை வற்றவிட்டால் குழாயில் காற்றுப் பிடிக்கும், காற்றை எடுத்துத் திரும்ப இயக்க அரை நாள் போகும். அரை நாளில் குழி இருக்காது. குழி இல்லையென்றால் அண்ணன் ஹோட்டலில். “போத்தல்! கெதியா!” என்று கரைத்தீவுக்காரர் கத்தினார். மனைவி குழியின் விளிம்பில் பலகையை அண்டை கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை விட முடியாது. “வலது பக்கம் அக்கா! வலது பக்கம்!” என்று பக்கத்து வீட்டு வெங்காயக்காரரின் மனைவியிடம் கத்தினாள்.

அந்த அக்கா வலது பக்கத்தைத்தான் எடுத்தார். ஆனால் அவர் வாசலால் வரவில்லை, குசினிக்குள்ளால் வந்தார். உள்ளேயிருந்து பார்த்தால் வலக்கைப் பக்கம் அன்னம்மாளுடையது.

கொண்டுவந்த வேகத்தில் அவர் ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. பெக்கோ இருமியது. வெள்ளைப் புகை விட்டது. பிறகு முன்னையிலும் அமைதியாக ஓடத் தொடங்கியது. நான் வளையங்களோடு வந்து சேர்ந்தபோது வேலை நடந்துகொண்டிருந்தது. கரைத்தீவுக்காரர் ஒவ்வொரு வளையமாகப் பெக்கோவின் கையில் தொங்கவிட்டு இறக்கினார். கடைசி வளையம் உட்காரும்போதுதான் எல்லோருக்கும் அந்த மணம் பட்டது.

வடை பொரிக்கும் மணம். வளவு முழுக்க.

மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. “தவக்காலம், வெள்ளிக்கிழமை, இதுக்குள்ள என்ன பலகாரம் சுடுறியள்?”

“நாங்கள் சுடேல்லை, மெசின் சுடுது!” என்றாள் மனைவி. பிறகு ஓடிப்போய் விறாந்தையைப் பார்த்தாள். திரும்பி வந்தவள் படியில் உட்கார்ந்தாள்.

விஷயம் தெரிந்ததும் கரைத்தீவுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். முதல் தடவையாக அவருக்குப் பகிடி வரவில்லை. “பள்ளிக்குக் குடுக்கிற எண்ணெயா? நேர்ந்ததா?” என்று இரண்டு முறை கேட்டார். நேர்ந்ததுதான் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

பக்கத்து அக்கா அழத் தொடங்கினார். அண்ணன் கைபேசிக்குள்ளிருந்து, “என்ன, ஆரும் விழுந்திட்டினமோ?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பரை அழைத்தோம். பெரியவர், சுருக்கமாகப் பேசுபவர். வந்து விறாந்தையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், பெக்கோவின் புகைக்குழாயை முகர்ந்தும் பார்த்தார். “நல்ல எண்ணெய்,” என்றார். “என்ன, விளக்கில எரியாமல் இதில எரிஞ்சிருக்கு. ஆனா ஞாயிற்றுக்கிழமை நான் போத்தல் எண்ணிக் குடுக்கோணும். குறையேலாது.”

“குறையாது ஐயா,” என்றார் கரைத்தீவுக்காரர். “என்ட குமர் குடிச்சதை நான்தானே குடுக்கோணும்.”

“நீங்கள் ஏன்? ஊத்தினது நாங்கள்,” என்றாள் மனைவி.

“தங்கச்சி, புள்ள வந்த வீட்டில புள்ளைக்குச் சாப்பாடு குடுத்தீங்க. அதோட உங்கட கடமை முடிஞ்சுது.”

அதைச் சொல்லிவிட்டு ஜும்மாவுக்குப் போய்விட்டார். மறுநாள் விடியற்புறம் பெக்கோவைக் கூட்டிப்போக வள்ளச் சோடி வந்தபோது, பலகையின்மேல் ஒரு தகரம் எண்ணெய் இருந்தது. அவருடைய உம்மாவின் வளவுத் தேங்காயில் ஆட்டியதாம். மூப்பர் அதைப் போத்தல்களில் ஊற்றினார். ஒரு போத்தல் கூடியது. அதை என்ன செய்வது என்று கேட்டதற்கு, “மெசினுக்கு வழிச் சாப்பாடு,” என்றார் மூப்பர். அவர் பகிடி விட்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அண்ணனும் அண்ணியும் அடுத்த கிழமை, திருவிழா முடிவதற்குள், வந்தார்கள். அறைக்குக் கதவு இன்னும் பொருத்தியிருக்கவில்லை. மனைவியின் சேலையொன்று தொங்கியது. அண்ணன் வான் வண்டியிலிருந்து பொல்லை ஊன்றி இறங்கி, எங்களை நலம் விசாரிக்காமல் நேரே அங்கே போனார். டீசல் கொடுத்தவர்கள், எண்ணெய் கொடுத்தவர்கள், அழுத அக்கா உட்பட ஒரு கூட்டம் வளவில் நின்றது. எல்லோரும் அந்தச் சேலையையே பார்த்தார்கள். அண்ணி தன் பெட்டியை வானுக்குள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வெகுநேரம் கழித்துத் தண்ணீர் பாய்ந்த சத்தம் கேட்டது. அண்ணன் சேலையை விலக்கிக்கொண்டு வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“என்ன எல்லாரும் நிக்கிறியள்?”

“எப்பிடி?” என்றார் வெங்காயக்காரர்.

“இத்தாலியில இவ்வளவு காத்து வராது,” என்றார் அண்ணன். பிறகு வானைப் பார்த்து, “பெட்டியை இறக்குங்கோ,” என்றார்.

அண்ணி இறக்கினார்.

ஈஸ்டருக்கு முன் திரும்புவதாகத்தான் அவர்களுடைய பயண ஏற்பாடு இருந்தது. ஈஸ்டர் போனது, ஏப்ரல் முழுவதும் போனது, அண்ணன் விறாந்தையில் இருந்தார். விமானக் கொம்பனி நாளை மாற்றிவிட்டது என்று அண்ணன் சொல்கிறார். கொம்பனி ஒன்றும் மாற்றவில்லை, அவரே அழைத்து மாற்றச் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன் என்று அண்ணி சொல்கிறார். பயணச்சீட்டைக் காட்டும்படி இருவரிடமும் கேட்டேன். கைபேசியில் அழிந்துவிட்டது என்றார்கள். இதை எழுதும் வரைக்கும் எது சரியென்று என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.